எம் 17-இன் சுருள் ஒயர்

தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பவனுக்கு ஆம்பூர்ப் பக்கம் அசார்ட்டர் என்று பெயர். தானியேல் இருபத்தைந்து வருஷமாக அசார்ட்டர். மேசைமேல் தோலை விரித்தால், உண்ணி கடித்தது எங்கே, முள் கிழித்தது எங்கே, உரிக்கும்போது கத்தி இழுத்தது எங்கே என்று விரல்நுனியாலேயே சொல்லிவிடுவான். முதல் செலக்‌ஷன், இரண்டாம் செலக்‌ஷன் என்று ஏழு வரைக்கும் பிரித்துக் கட்டுப் போடுவான். அவன் போட்ட கட்டைப் பிரித்து இன்னொரு முறை பார்க்கும் வழக்கம் அவன் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பில் யாருக்கும் கிடையாது. படிப்பு எட்டாவது. அது கொஞ்சம் கம்மி என்று அவனுக்குத் தோன்றியதே, தங்கையின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான்.

தங்கை ஜாஸ்மின் அவனைவிடப் பதினோரு வயது சின்னவள். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, 1992-இல் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது கண்ணாடி அறைக்குள் ஏசியில் இருந்தது. ஆபரேட்டர்களின் ஆறு மேசைகளில் இருந்தவை டெர்மினல்கள். ஒரு திரை, ஒரு கீபோர்டு, பின்னால் ஓர் ஒயர், அவ்வளவுதான் டெர்மினல். தானாக ஒன்றும் யோசிக்காது. நாம் தட்டுவதை உள்ளே இருக்கும் பெரிய மிஷினுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்; அது சொல்வதை வாங்கித் திரையில் காட்டும்.

ரெண்டாயிரம் பிறந்ததும் பழைய மிஷின்கள் தேதி தெரியாமல் தடுமாறும் என்று ஊரெல்லாம் பேச்சு. கம்பெனி எல்லாவற்றையும் மாற்றிப் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கியது. ஆறு டெர்மினல்களும் நடைபாதையில் அட்டைப் பெட்டிமேல் குந்திக்கொண்டிருந்தன. எட்டு வருஷம் தன் விரல் பட்டதை மட்டும் ஜாஸ்மின் கேட்டு வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"இதை வச்சி இன்னா பண்ணப் போற?" என்று தானியேல் கேட்டான்.

"தெரியல ண்ணா. ஆனா இது இன்ன மாடல், இன்ன வருஷம்னு ஒருத்தருக்கும் தெரியாமயே போகுது. அது எனக்கு ஒரு மாதிரி இருக்குது."

அப்படி ஆரம்பித்தது. ரயில் லைனுக்குப் பின்னால் காயலான் கடை வைத்திருந்த அப்துல் சமத்திடம் சொல்லிவைத்தாள். "டிவி மாதிரி இருக்கும் பாய். ஆனா சேனல் திருப்புற குமிழ் இருக்காது. வந்தா உடைக்காம எடுத்து வைங்க." சமத் எடுத்துவைத்தார். மூன்று வருஷத்தில் முன்னறையில் ஒன்பது டெர்மினல்களும் பதினாலு கீபோர்டுகளும் சேர்ந்துவிட்டன. அண்ணன் தங்கை இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதும் இல்லை. அதனால் முன்னறை வேண்டும் என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது.

டெர்மினல் காயலான் கடைக்குப் போனால் முதல் வேலையாகத் தலை வேறு, கை வேறு என்று பிரிந்துவிடும். திரை ஒரு குவியல், கீபோர்டு இன்னொரு குவியல். எதன் கை எதன் தலைக்கு என்று கண்டுபிடிப்பதுதான் ஜாஸ்மினின் வேலையாக இருந்தது. நோட்டில் ஒரு மிஷினுக்கு ஒரு பக்கம். பின்பக்கச் சீட்டில் உள்ள எண்ணை அப்படியே எழுதுவாள். கீபோர்டு ஒயரின் நுனி வட்டமா, டெலிபோன் ரிசீவருக்குச் சொருகுவதுபோலச் சதுரமா என்று படம் போடுவாள். மேல்வரிசையில் எத்தனை பொத்தான், எத்தனை சின்ன விளக்கு, எழுத்து பச்சையா, மஞ்சளா, வெள்ளையா என்று பிரித்துப் பிரித்து எழுதுவாள். தெரியாத இடத்தில் "தெரியாது" என்றே எழுதுவாள். ஊகித்து ஒரு வார்த்தை எழுதமாட்டாள்.

ஒருநாள் ஒரு திரையும் கீபோர்டும் சரியாகச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி அவள் காட்டினாள். தானியேல் இரண்டையும் வாசலுக்குத் தூக்கிப்போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது ரெண்டும் ஒரே மேசையில இருந்தது இல்ல."

"எண் பொருந்துதே ண்ணா."

"மாடல் ஒண்ணா இருக்கலாம். கீபோர்டு இடது பக்கம் மட்டும் மஞ்சள் ஏறியிருக்குது பாரு. ஜன்னல் அந்தப் பக்கம். திரைக்கு வலது பக்கம் ஏறியிருக்குது. ஒரே ஆட்டுத் தோல்ல ரெண்டு கலர் வராதும்மா."

ஜாஸ்மின் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தில் எழுதினாள்: "ஜோடி அல்ல. நிறம் பார்த்துச் சொன்னது அண்ணன்." அதற்குப் பிறகு ஒரு வாரம் தோல் ஷாப்பில் தானியேல் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் பேச்சு தங்கையிடம் போய் நின்றது.

2002-இல் தானியேல் வேலை செய்த தோல் ஷாப்பிலேயே ஸ்டோரைக் காலி செய்தார்கள். எப்போதோ முதலாளி இங்கிலாந்திலிருந்து தோலின் பரப்பை அளக்கும் பழைய மிஷின் ஒன்று வாங்கியபோது கூடவே வந்த திரை ஒன்று சமத் கடைக்குப் போய், அங்கிருந்து ஜாஸ்மினிடம் வந்தது. பெரிய கூடு, கீபோர்டு இல்லை. சீட்டைப் பார்த்ததும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடி நூறு ண்ணா. எழுபத்தெட்டுல வந்த மாடல். இதுக்கப்புறம் வந்ததுல பாதி, இதைப் பார்த்துப் பண்ணதுதான்."

கரண்டு கொடுத்தார்கள். சூடேறியதும் திரையின் இடது மேல் மூலையில் வெள்ளையாக ஒரே ஓர் எண் தெரிந்தது: 4.

"நாலாவது செலக்‌ஷனா?" என்றான் தானியேல். நாலாவது என்றால் அவன் கணக்கில் மோசமும் இல்லை, விசேஷமும் இல்லை.

ஜாஸ்மின் சிரித்தாள். ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தாள். "இது தானே தன்னைப் பரிசோதிச்சிக்கும். நாலுன்னா கீபோர்டு இல்லைன்னு அர்த்தம். கை எங்கன்னு கேக்குது ண்ணா."

அந்தக் கீபோர்டு எப்படி இருக்கும் என்று ஜெராக்ஸில் படம் இருந்தது. ஏழு விளக்கு. அதிலிருந்து ஒரு சுருள் ஒயர். ஒயரின் நுனியில் மைக் செட்டில் சொருகுவது போன்ற தடித்த பின். தானியேல் படத்தை இரண்டு முறை பார்த்தான். தண்ணீர் குடிக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டான்.

நடந்தது இதுதான். 1998-இல், பழைய மிஷின் சேர்க்கும் எண்ணமே ஜாஸ்மினுக்கு இல்லாத காலத்தில், தோல் ஷாப்பு ஸ்டோரின் ஓரத்தில் அந்தக் கீபோர்டு கிடந்தது. சர்ச்சில் பிரசங்க மேடை மைக்கின் ஒயர் ஒவ்வொரு வாரமும் பாதியில் கொர்கொர் என்று செத்துக்கொண்டிருந்த சமயம் அது. மைக் பின்னோடு, நல்ல கனத்தில், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஒயர் ஒன்று தட்டச்சுப் பலகை மாதிரி ஒன்றில் மாட்டிக்கொண்டிருப்பதைத் தானியேல் பார்த்தான். மைக் பின் இருந்தால் அது மைக் ஒயர்தானே. யாரோ தவறாக மாட்டியிருக்கிறான் என்று நினைத்தான். ஸ்டோர்காரரிடம் கேட்டு, தோல் ஓரம் வெட்டும் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டி எடுத்துக்கொண்டான். கீபோர்டு அங்கேயே கிடந்தது.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு அவன் கொண்டுபோன காணிக்கை அந்த ஒயர். பூசணிக்காய், சேவல், கரும்புக் கட்டு இவற்றுக்கு நடுவில் அதையும் ஏலம் விட்டார்கள். மைக் செட் வைத்திருந்த இன்பராஜ் அதை எடுத்து, மேடை மைக்கிலேயே பற்றவைத்துச் சபைக்குத் திரும்பக் கொடுத்துவிட்டான். ஒரே பொருள் இரண்டு தடவை காணிக்கை ஆனது. அதற்குப் பிறகு மைக் ஒருமுறைகூடச் சாகவில்லை. அதில் தானியேலுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

2003 மே மாதம் அந்தக் கீபோர்டும் கிடைத்தது. குடியாத்தத்தில் ஒரு காயலான் கடையில் இருந்து ஜாஸ்மினே சுமந்து வந்தாள். பல பேரிடமிருந்து வரும் தோல்கள் கலந்துவிடக் கூடாது என்று ஷாப்புகளில் தோலின் ஓரத்தில் சுத்தியால் எண் குத்துவார்கள். அந்த ஸ்டோர்காரர் கையில் சுத்தி இருந்தால் எதையும் விடமாட்டார். திரையின் முதுகில் "எம் 17" என்று புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தார். கீபோர்டின் அடியிலும் அதே எம் 17.

"ஜோடி ண்ணா! சந்தேகமே இல்லாத ஜோடி!" ஜாஸ்மின் கீபோர்டைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் மூன்று கலர் ஒயர்கள் விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றன. "எந்தப் பாவி வெட்டினானோ தெரியல. அதுவும் எவ்ளோ சுத்தமா வெட்டியிருக்கான் பாரு. கைத்தொழில் தெரிஞ்ச பாவி."

தானியேல் பார்த்தான். சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் கடைசியில் இரண்டு காரியங்கள் சேர்ந்து வந்தன. வாடகை வீட்டின் சொந்தக்காரர் சுகரா பேகம் வந்து முன்னறை வாசலில் நின்றார். "தானியேலு, நம்ம பொண்ணு பில்கிஸுக்கு நிக்காஹ் வச்சிருக்கோம். ஆகஸ்ட்டுல ஜனங்க ஜாஸ்தி வருவாங்க. இந்த ரூம் எனக்கு வேணும்பா. இந்த டிவிங்களைப் பார்த்தா மாப்ளை வீட்ல ரிப்பேர் கடைன்னு நினைப்பாங்க. பேஜாராயிடும்." அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒன்பது டெர்மினலை வைக்க வேறு இடமும் இல்லை. சமத் கடைக்கே திரும்பப் போக வேண்டியதுதான்.

இன்னொன்று, வேலூர்ப் பக்கம் ஓர் என்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்தும் அருணகிரி என்பவரிடமிருந்து கடிதம். பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஒரு காட்சி அறை திறக்கிறார்களாம். ஜாஸ்மின் அனுப்பிய பட்டியலைப் படித்திருக்கிறார். விடி நூறு முழு செட்டாக, தன் சொந்த உறுப்புகளோடு, ஓடும் நிலையில் இருந்தால் அதை நடுவில் வைத்து மற்ற எட்டையும் சுற்றி வைக்கலாம். அது இல்லாவிட்டால் மற்ற எட்டும் தேவைப்படாது; அந்த மாடல்கள் காலேஜிலேயே இருக்கின்றன. ஜூலை இருபது, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நேரில் பார்க்க வருவதாக எழுதியிருந்தார்.

சனிக்கிழமை இன்பராஜ் சால்டரிங் அயர்னோடும் புதுப் பின்னோடும் வந்தான். ஜாஸ்மின் பின்னை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல ஒரு கறுப்புக் கோடுதான் இருக்குது. ரெண்டு வேணும். மூணு ஒயர், மூணு துண்டா இருக்கணும் பின்னு. இதைச் சொருகினா எது எதோட ஒட்டும்னு தெரியாது. நான் விடமாட்டேன்."

"ரெண்டு கோடு பின்னு மெட்ராஸ்ல கெடைக்கும்க்கா."

"கெடைக்கும். ஆனா அது மாத்துப் பின்னு. அப்படித்தான் எழுதணும். அவர் சொந்த உறுப்புன்னு கேட்டிருக்காரு. பொய் எழுதமாட்டேன்."

இன்பராஜ் கழுத்தைச் சொறிந்தான். "ரெண்டு கோடு போட்ட பின்னு… நான் எங்கயோ பாத்து…" என்று இழுத்து, தானியேல் முகத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டான்.

வாசலுக்கு வந்ததும் தணிந்த குரலில் பிடித்துக்கொண்டான். "அண்ணே, அது அந்த ஒயரா?"

"அதுதான்."

"நீ எட்த்து குட்த்த, நான் எட்த்து குட்த்தேன். இப்ப சாமிகிட்ட போயி ரெண்டு பேரும் திருப்பிக் குடுன்னு கேக்கறதா? நல்ல தோஸ்து நீ."

"உனக்கு ஒண்ணும் இல்ல. வெட்டினது நான்."

அன்று சாயங்காலம் தானியேல் ஆயர் வில்சனைப் போய்ப் பார்த்தான். காணிக்கையாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா என்றுதான் கேட்டான். ஆயர் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்பது தெரிந்தது.

"எடுத்துக் குடுக்க நான் யாருப்பா? சபை பொருள். சபை குடுத்தா எடுத்துக்க."

"கமிட்டிக்கு எழுதிக் குடுக்கட்டுமா ஐயா?"

"கமிட்டி கூடறதுக்கு அடுத்த மாசம் ஆகும். நாளைக்கு அறிவிப்பு நேரத்துல நீயே கேளு. அந்த மைக்லயே கேளு."

தானியேலுக்குச் சபையின் முன்னால் நிற்பது பயம் இல்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், பாடகர் குழுவுக்குப் பின்னால், ஜாஸ்மின் உட்கார்ந்திருப்பாள். அதுதான் பயம். வீட்டிலேயே முதலில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முன்னறை வரைக்கும் போனான். அவள் நோட்டில் எம் 17-இன் பக்கத்தைத் திருத்தமாக எழுதிக்கொண்டிருந்தாள். "சுருள் ஒயர்: இல்லை. வெட்டியது யார், எப்போது: தெரியாது." அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

ஞாயிறு. அறிவிப்புகளை வாசித்து முடித்து ஆயர் கையைக் காட்டினார். தானியேல் மேடை ஏறினான். மைக்கிலிருந்து ஒயர் சுருள் சுருளாக இறங்கிப் போனது. தடுப்புக்குப் பின்னால் ஆம்பிளிஃபயர் அருகே இன்பராஜ் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது," என்றார்கள்.

"கேக்கறதுக்குக் காரணம் இந்த ஒயர். தொண்ணூத்தெட்டுல அறுப்பின் பண்டிகைக்கு நான் குடுத்தது. அக்டோபர் பதினொண்ணு. இது மைக் ஒயர் இல்லைங்க. ஒரு கம்ப்யூட்டர் கீபோர்டோடது. பின்னைப் பார்த்து மைக் ஒயர்னு நினைச்சி நான்தான் வெட்டினேன். கேட்டுத்தான் எடுத்தேன், திருடல. ஆனா எதோடதுன்னு பாக்காம வெட்டினேன். இருபத்தஞ்சு வருஷமா பார்த்துப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன், இதைப் பாக்கல." பெண்கள் பக்கம் பார்க்கவில்லை. "அந்தக் கீபோர்டு இப்ப என் தங்கச்சிகிட்ட இருக்குது. இன்னிக்கு மூணு மணிக்கு அது ஓடினாத்தான் அவ சேர்த்து வச்சதெல்லாம் ஒரு இடத்துக்குப் போகும். இல்லன்னா காயலான் கடைக்குப் போகும். இந்த ஒயர் அதோடதுன்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். அவகிட்ட சொல்லல. குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது முறை இல்ல. இருந்தாலும் கேக்கறேன். வேற ஒயர் நான் வாங்கித் தர்றேன்."

பாடகர் குழுவிலிருந்து எப்சி எழுந்தாள். அவளுக்கு மைக் எதற்கும் வேண்டாத தொண்டை. "எட்த்துனு போங்க ண்ணா! ஆயர் குரல் மைக் இல்லாமலே ரோடு வரைக்கும் கேக்கும்!"

சபை சிரித்தது. ஆயரும் சிரித்தார். "ஆட்சேபம் உள்ளவங்க கை தூக்கலாம்," என்றார். ஒரு கையும் எழும்பவில்லை.

தானியேல் அப்போதுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். ஜாஸ்மின் சிரிக்கவில்லை. பைபிளுக்குள்ளிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் அவள் முன்னால் வீட்டுக்கு நடந்தாள். இன்பராஜ் பின்னாலேயே ஒயரைத் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு வந்தான். முன்னறையில் உட்கார்ந்ததும் ஜாஸ்மின் நோட்டைத் திறந்தாள்.

"அக்டோபர் பதினொண்ணு பண்டிகை. வெட்டினது எப்போ?"

"அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஒன்பதாம் தேதி."

"எதால?"

"ஓரம் வெட்டற கத்தி."

"ஒரே வெட்டா?"

"ஒரே வெட்டு."

எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போதுதான் குரல் மாறியது. "மே மாசத்துலேர்ந்து தெரியாது தெரியாதுன்னு எழுதி வச்சிருக்கேன். பக்கத்து ரூம்லயே இருந்திருக்குது பதில்."

"தப்புதான்மா."

"கைத்தொழில் தெரிஞ்ச பாவின்னு சொன்னேன் இல்ல? அதை வாபஸ் வாங்கமாட்டேன்." சால்டரிங் அயர்னை இன்பராஜ் பக்கம் தள்ளினாள். "கலருக்குக் கலர் சேருங்க. அவசரம் வேணாம்."

மைக்குக்கு இரண்டு கலர்தான் தேவைப்பட்டிருந்தது. மூன்றாவதை இன்பராஜ் அப்போது வெட்டி எறியாமல் மடித்து டேப் சுற்றி வைத்திருந்தான். "நான் எதையும் வீணாக்கமாட்டேன்," என்று அதைச் சொல்லிச் சொல்லியே பற்றவைத்தான். வெட்டு சுத்தமாக இருந்ததால் நுனிகள் நேராகச் சேர்ந்தன. இன்பராஜ் அதைச் சொல்ல வாயெடுத்தான். ஜாஸ்மின் பார்த்த பார்வையில் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அருணகிரி வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து ஒன்பதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கீபோர்டின் அடியையும் திரையின் முதுகையும் பார்த்து எம் 17 என்ன என்று கேட்டார். தானியேல் சொன்னான். அவர் தலையாட்டினார்.

"போடுங்கம்மா."

ஜாஸ்மின் பின்னைச் சொருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். கீபோர்டின் ஏழு விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்து, 'பிப்' என்று ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் திரையின் இடது மேல் மூலையைப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. நாலு வரவில்லை. எழுத்து விழப்போகும் இடம் மட்டும் அங்கே மினுக்கிக்கொண்டிருந்தது.

பெரிய மிஷினோடு இணைப்பு இல்லாமலும் தட்டிப் பார்க்கும்படி இரண்டு பொத்தானை அமுக்கி மாற்றினாள். பிறகு எழுந்து நாற்காலியை நகர்த்தினாள்.

"நீ தட்டு ண்ணா."

தானியேலுக்கு ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. ஒரு விரலால் எம் அமுக்கினான். ஒன்று. ஏழு. மூன்றும் வெள்ளையாக விழுந்தன. அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வியாழக்கிழமை வேன் அனுப்பறேன்," என்றார். "பக்கத்துல வைக்கிற அட்டைகளை நீங்களே எழுதிடுங்கம்மா. உங்க நோட்ல இருக்கற மாதிரியே. ஒண்ணும் கொறைக்க வேணாம்."

ஆகஸ்ட் முதல் வாரமே சுகரா பேகத்துக்கு அறை காலியானது. நிக்காஹ் பிரியாணி இந்த வீட்டுக்கும் வந்தது. சர்ச்சுக்குத் தானியேல் வாங்கிக் கொடுத்த ஒயர் சுருள் இல்லாத நீட்டு ஒயர். ஆயர் அதில் இரண்டு முறை கால் தடுக்கினார். மூன்றாவது வாரத்தில் இன்பராஜ் அதை மேடையோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டான்.

காட்சி அறை செப்டம்பரில் திறந்தது. தானியேல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். நடுவில் விடி நூறு. பக்கத்தில் கண்ணாடிக்குள் ஜாஸ்மின் கையெழுத்தில் அட்டை. மாடல், வருஷம், விளக்குகளின் எண்ணிக்கை, எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசி வரிகள்: "சுருள் ஒயர் 9-10-1998 அன்று வெட்டப்பட்டது. ஆம்பூர்ச் சபை மைக்கில் ஐந்து ஆண்டு இருந்து, 20-7-2003 அன்று சபையின் சம்மதத்தோடு திரும்பியது. வெட்டியவரும் கேட்டு வாங்கியவரும்: தானியேல், அசார்ட்டர்."

முதலில் நின்று படித்தான். பிறகு குனிந்து இன்னொரு முறை படித்தான். அருகில் நின்ற மாணவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து ஜாஸ்மினிடம் சொன்னான்.

"ஐந்து ஆண்டுன்னு போட்டிருக்க. நாலு வருஷம் ஒன்பது மாசம்தான்."

ஜாஸ்மின் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியின் சாவி வாங்க அருணகிரியைத் தேடிப் போனாள்.